நிக்கிற நாற்காலி

எங்கள் வீட்டுக்கு முதன்முறை வருகிறவர்கள் விளக்குப் போடத் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். சுவிட்ச் அவர்கள் தொடைக்குப் பக்கத்தில் இருக்கும். கை கழுவப் போனால் குனிய வேண்டும். கண்ணாடியில் முகம் பார்க்கப் போனால் வயிறுதான் தெரியும். ஆயர் குரோ என்கிற எங்கள் ஊரின் வரிசை வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் அக்கம்பக்கத்து வீடுகளைப் போலத்தான் இருக்கும். உள்ளே மட்டும் எல்லாமே என் உயரத்துக்கு இறங்கி வந்திருக்கிறது. என் உயரம் என்றால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உயரம்.

இறக்கியது என் வீட்டுக்காரர். வயரிங் வேலை செய்பவர். எங்கள் கல்யாணமே ஒரு சுவிட்சில்தான் தொடங்கியது. அப்போது நான் தெங்கேராவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஃபேன் சுவிட்ச் எனக்கு எட்டாது. யாரையாவது கெஞ்ச வேண்டும். கெஞ்சுவது எனக்கு வராது. அதனால் வியர்த்து ஊற்ற ஊற்ற ஊரார் கல்யாணங்களுக்குப் பத்திரிகை தயாரித்தேன். முதலாளி மனமிரங்கி ஒரு வயர்மேனை வரச் சொன்னார். வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து முட்டி போட்டு உட்கார்ந்து, "கை எது வரைக்கும் போவும்? நீட்டிக் காட்டுங்க," என்றார். நான் சுவரோரமாகக் கையை உயர்த்தினேன். விரல் நுனி தொட்ட இடத்தில், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டார். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கோட்டிலேயே நான் கவிழ்ந்துவிட்டேன்.

அதற்கு நான்கு வருடம் முன்புவரை நானும் நின்றுகொண்டிருந்தவள்தான். புலாவ் செபாங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தேன். தமிழ்ப்பள்ளி நெட்பால் குழுவில் பந்தை வளையத்தில் போடுகிற வேலை என்னுடையது. குதிக்கக்கூட வேண்டாம், கையைத் தூக்கினால் போதும். தோட்டமே என்னைக் கொக்கு என்று கூப்பிட்டது. இருபத்து மூன்று வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது. கொக்கு உட்கார்ந்துவிட்டது. அழுது தீர்த்த கதை தனி, அதை இங்கே இழுத்துவர எனக்கு விருப்பமில்லை.

ஆக, என் வீட்டுக்காரர் நான் நின்று பார்த்ததே இல்லை. இதை வைத்துப் பன்னிரண்டு வருடமாக எங்களுக்குள் ஒரு சண்டை ஓடுகிறது.

"நான் நின்னா உங்கள விட உயரம். தெரியுமா?"

"கதை விடாதலா. உக்காந்திருக்கிறவங்க எல்லாம் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

கல்யாணப் படத்தில் நான் உட்கார்ந்திருக்க, அவர் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். உறவுக்காரர்கள் என்ன கம்பீரம் என்பார்கள். தாலி கட்டக் குனிந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டு, மறுபடி வளைய முடியாமல் நின்ற கம்பீரம் அது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருடம், நான் உடற்பயிற்சிக்குப் போகும் மையத்துக்கு ஒரு புது நாற்காலி வந்தது. பட்டனை அழுத்தினால் உட்கார்ந்த இடமே மெல்ல எழும்பி ஆளை நிமிர்த்தி நிற்க வைத்துவிடும். விழாமலிருக்க முழங்காலுக்கு முன்னால் ஒரு தடுப்பு, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பெல்ட். மயக்கம் வராமல் இருபது நிமிடம் நிற்க முடிந்தவர்களுக்கு அதை வீட்டுக்கே கொடுப்பார்கள் என்றார்கள். நான் பெயர் கொடுத்த அன்றே என் வீட்டுக்காரர் தன் அக்காளுக்குப் போன் போட்டார்.

"அக்கா, நம்ம வீட்டுக்கு நிக்கிற நாற்காலி வரப்போவுதுக்கா!"

என் நாத்தனார் சளைத்தவர் அல்ல. "ஏன்டா, எல்லா நாற்காலியும் நிக்கத்தானடா செய்யிது? எங்க வீட்டுல ஆறு நிக்கிது. நடக்கிற நாற்காலி வந்தா சொல்லு," என்று போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமைதோறும் பயிற்சி. வேனில் கொண்டுபோய் விடுகிற என் வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்தி, "நீங்க பக்கத்துக் கடையில போய்த் தே தாரிக் குடிங்க, முடிஞ்சதும் கூப்பிடுறேன்," என்று விரட்டிவிடுவேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பயம். அவர் பார்த்ததும் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டதும் உட்கார்ந்திருக்கிற என்னைத்தான். முட்டி போட்டு முகம் பார்த்துப் பேசிய மனிதர் அவர். நிற்கிற பெண் யாரென்று அவருக்குத் தெரியாது. அவளை அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டால்? சண்டையில் ஜெயிக்க வேண்டும் என்று வாய் பேசும். ஜெயித்துவிடுவேனோ என்று மனது அவரைக் கடைக்கு விரட்டும்.

முதல் புதன்கிழமை பாதி உயரத்திலேயே கண் இருட்டியது. பயிற்சி தருகிற பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பெலான் பெலான், அக்கா. அவசரமே இல்ல. மூச்ச விடுங்க," என்று இறக்கிவிட்டாள். இரண்டாவது வாரம் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். மூன்றாவது வாரம் முழுதாக நிமிர்ந்ததும் எதிரில் இருந்த அலமாரியின் மேல்பக்கம் தெரிந்தது. பதினாறு வருடமாக எந்த அலமாரியின் தலையையும் நான் பார்த்ததில்லை.

"தங்கச்சி, மேல ஒரே தூசிலா!" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே துணியை எடுத்துக் கையில் கொடுத்தாள். நான் நின்றபடியே அலமாரியைத் துடைத்தேன். கண்ணீர் வேறு வழிந்தது, தூசியினால் அல்ல. துடைத்து முடிப்பதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது.

"மூனு வாரமா தே குடிச்சே வயிறு வீங்கிப் போச்சு. உள்ள என்னதான் நடக்குது?" என்று புலம்பியபடியே அவர் புது நாற்காலியை வேனில் ஏற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் நின்று காட்டச் சொன்னார். பேட்டரி சார்ஜ் ஏற வேண்டும் என்றேன். மறுநாளும் பேட்டரி என்றேன். வயரிங்காரரிடம் போய் இந்தப் பொய். அவர் சரி என்று விட்டுவிட்டார். அதுதான் எனக்கு உறுத்தியது. இவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆள் இல்லையே.

அப்போதுதான் கவனித்தேன். வீட்டுக்குள் செருப்பே போடாத மனிதர், கட்டை மாதிரி அடிப்பாகம் வைத்த புதுச் செருப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு உலாத்துகிறார். சமையலறை நிலைக்கதவில், எனக்கு எட்டாத உயரத்தில் இரண்டு பென்சில் கோடுகள். ஒன்று வெறுங்காலோடு, மற்றது செருப்போடு. தன்னைத்தானே அளந்து பார்த்திருக்கிறார்! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் நெஞ்சு இளகிவிட்டது. மூன்று வாரமாக நான் ஒருத்தி மட்டும்தான் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு, புது நாற்காலியில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு சாமி மேடைக்கு முன்னால் போனேன். தினமும் காலையில் அவர் விளக்கேற்றிவிட்டுக் குனிந்து என் நெற்றியில் குங்குமம் வைப்பது வழக்கம். சாமிக்கு முன்னால் செருப்போடு வர முடியாது. நான் நேரம் பார்த்ததே அதற்குத்தான்.

அவர் விளக்கேற்றித் திரும்பினார். நான் பட்டனை அழுத்தினேன்.

நாற்காலி முனகிக்கொண்டு எழும்பியது. அவருடைய சட்டைப் பை எனக்கு நேராக வந்தது. பிறகு மோவாய். பிறகு மீசை. கண்ணுக்குக் கண் நேராக ஒரு கணம், அவர் இமைக்கவே இல்லை. பிறகு நெற்றி. அதற்கும் மேலே போய்விட்டேன். அவர் உச்சந்தலையில் ஒரு வெள்ளிக்காசு அளவுக்குச் சொட்டை! பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. நாற்காலி நின்றது. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க... ஏதாச்சும் சொல்லுங்க."

"அலாமாக்," என்றார் மெதுவாக. "இவ்ளோத்தையும் எங்கலா மடிச்சு வெச்சிருந்த?"

எனக்கு உயிர் வந்தது. அவருக்கும் வாய் வந்துவிட்டது. சட்டென்று உட்கார்ந்து நாற்காலியின் அடியைப் பார்த்தார். "இரு இரு, கால் வைக்கிற பலகையே நாலு இஞ்சு இருக்கு. அதக் கழிக்கணும்!"

"கழிங்க."

டேப்பை எடுத்து வந்து அளந்தார், கழித்தார், மறுபடியும் அளந்தார். கழித்த பிறகும் நான் இரண்டு அங்குலம் உயரம். அந்த முகத்தில் தோற்ற களையே இல்லை. கோயில் திருவிழாவில் தேர் பார்க்கிற ஆள் மாதிரி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"குங்குமம் வைக்கலியா?" என்றேன்.

சாமி மேடையை அவர் என் உட்கார்ந்த உயரத்துக்கு இறக்கி வைத்திருந்தார் அல்லவா, முருகன் இப்போது என் இடுப்புக்கும் கீழே இருந்தார். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் குனிந்து குங்குமத்தைத் தொட்டார். நிமிர்ந்தார். கை நீட்டினார். முழங்கால் தடுப்பு குறுக்கே இடித்ததில் நெற்றிக்குச் சரியாக எட்டவில்லை.

"கொஞ்சம் குனியேன்."

"பெல்ட் போட்டிருக்கு. எப்பிடிக் குனியிறது? நீங்க எக்குங்க."

பன்னிரண்டு வருடமாக எனக்காகக் குனிந்தே பழகிய மனிதர், என் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி எக்கினார். குங்குமம் பாதி நெற்றியிலும் பாதி மூக்கிலுமாக விழுந்தது. துடைக்க நான் விடவில்லை.

குங்குமம் ஒட்டிய விரலாலேயே போனை எடுத்து அக்காளைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் நாத்தனார் தயாராகத்தான் இருந்தார்.

"என்னடா, நிக்கிதா உன் நாற்காலி?"

"நாற்காலி இல்லக்கா," என்றார். "என் பொண்டாட்டி நிக்கிறா."