இருமி நின்ற வண்டி

முட்டத்தில் கார் ஓட்டப் பழகிய முதல் ஆள் ததேயுஸ். அவன் அப்பன் கட்டுமரக்காரர், அவருக்கு அப்பனும் கட்டுமரக்காரர். இவனுக்கு மட்டும் அலை தாண்டினால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். கடற்கரையில் பிறந்தவனுக்கு இதைவிட மானக்கேடு உண்டா? கேலி பொறுக்காமல் நாகர்கோவிலுக்கு ஓடிப்போனான். அங்கே ஒரு பட்டறையில் வண்டி கழுவி, திட்டு வாங்கி, டிரைவராகத் திரும்பி வந்தான். தாணுமாலயன் பிள்ளை என்ற நாகர்கோவில்காரர் தம்முடைய பழைய காரை அவனிடம் கொடுத்து வாடகைக்கு ஓட்டச் சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு என்று நினைவு.

நான் அவனுக்கு அடுத்த வீடு. எனக்குக் கருவாட்டு வியாபாரம். என் கூடையைக் காரில் ஏற்றவே மாட்டான். "நாத்தம் போவாது சிலுவை அண்ணே, துரைமாரு ஏறுற வண்டி" என்பான். எந்தத் துரை முட்டத்துக்கு வந்து இவன் வண்டிக்குக் காத்துக் கிடந்தான் என்று நான் கத்துவேன். சண்டை போட்டாலும் மறுநாள் நான்தான் அவனோடு உட்கார்ந்து காப்பி குடிப்பேன்.

அவன் மனைவி இசபெல் கடியபட்டணத்துக்காரி, ஒரே மகள், அப்பன் இல்லாதவள். எங்களூரில் வள்ளத்தைக் கடலில் இறக்கும்போது மந்திரித்த தீர்த்தம் தெளிப்பது வழக்கம். புருஷனுக்கு வள்ளம் இல்லை, கார்தானே இருக்கிறது? ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து ஒரு குப்பி தீர்த்தம் கொண்டுவந்து சக்கரம் சக்கரமாகத் தெளிப்பாள். ஒருநாள் அவன் பெட்ரோல் ஊற்றும் மூடியைத் தட்டிக் காட்டிச் சொன்னான்: "ஏட்டி, வெளிய தெளிச்சா எப்பிடி? இவனுக்கு வயிறு இங்கயில்லா இருக்கு!" நாங்கள் மூவரும் சிரித்தோம். பாழாய்ப்போன சிரிப்பு.

பல வருஷம் நேர்ச்சை நேர்ந்து, முப்பத்து நாலில் இசபெல் உண்டானாள். நாள் நெருங்கி, ஒரு திங்கட்கிழமை காலையில் வலி கண்டது. உள்ளே போன மருத்துவச்சி வெளியே வந்தபோது அவள் முகம் சரியில்லை. பிள்ளையின் கை முதலில் வந்துவிட்டது, இனி என் கையில் இல்லை, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றாள். எங்களுக்கு அந்த நேரத்திலும் ஒரு தைரியம். வாசலிலேயே கார் நிற்கிறதே!

இசபெலைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினோம். ததேயுஸ் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். வண்டி இரண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது. மறுபடி சுற்றினான். மறுபடி இருமி, நின்றது.

அந்த இருமலை நான் இன்றைக்கும் சபிக்கிறேன். அடியோடு செத்துக் கிடந்திருந்தால் ஓடிப்போய் ஒரு மாட்டுவண்டியைப் பூட்டியிருப்போம். அது உயிர் இருப்பதுபோல் காட்டிக் காட்டி எங்களை ஏய்த்தது. "இன்னா புடிச்சிரும் அண்ணே, இன்னா புடிச்சிரும்" என்று அவன் சுற்றிக்கொண்டே இருந்தான்.

கடற்கரையில் வண்டி கிளம்பாவிட்டால் முதல் குற்றவாளி உப்புக் காற்றுதான். கம்பிகளில் உப்புப் பூத்து, மின்சாரம் வழியிலேயே கசிந்துவிடும். அதனால் எல்லாக் கம்பிகளையும் தன் வேட்டியால் துடைத்தான். பிளக்குகளைக் கழற்றிச் சுரண்டி மாட்டினான். நேரம் போயிற்று. வண்டிக்குள் அவள் கத்தியபோது அவன் கையிலிருந்து ஒரு பிளக் மணலில் விழுந்தது. பிறகு ஒரு கம்பியை என் கையில் கொடுத்து இரும்புக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிச் சுற்றினான். நீலப் பொறி பறந்தது. என் கை முழங்கைவரை உதறியது.

"தீ நல்லாத்தான் வருது. அப்பம் எண்ணெயிலதான் கோளாறு" என்றான்.

கார்பரேட்டரின் அடியிலிருந்த திருகைக் கழற்றி உள்ளங்கையை ஏந்தினான். பெட்ரோல் என்றால் கை குளிர்ந்து கண்முன்னே காய்ந்துவிடும். இது தண்ணீர்போல் முத்து முத்தாக நின்றது.

"வெள்ளம்! பெட்ரோலுல வெள்ளம் எப்பிடி அண்ணே?"

நாக்கில் வைத்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். நானும் தொட்டுப் பார்த்தேன். பெட்ரோல் நாற்றத்துக்கு நடுவே லேசான உப்பு. கடல் தண்ணீரின் கரிப்பு அல்ல அது. உப்பை மந்திரித்துக் கலக்கிய தீர்த்தத்தைக் காய்ச்சலுக்கும் கண்ணேறுக்கும் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியாதா? நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மருத்துவச்சி துணி எடுக்க வீட்டுக்குள் போயிருந்தாள். இசபெல் மெல்லக் கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்க… தக்கலையில ஒரு கார் குளத்துல கவுந்து டிரைவர் செத்தான்னாவ. பயந்து போய் நேத்து வண்டி வயித்துக்குள்ள ஒரு குப்பி தீர்த்தம் ஊத்தினேன். அதுனாலயா?"

ததேயுஸ் ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவள் தலையைத் தடவினான்.

"சீ, தீர்த்தம் வண்டிய நிறுத்துமா மக்கா? கம்பியில உப்புப் புடிச்சிருக்கு. நான்தான் துடைக்க மறந்துட்டேன். நீ ஊத்தினதுனாலதான் இந்த மட்டுக்காவது இருமுது."

அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அதற்காகவாவது அவன் சொன்ன பொய்யைக் கடவுள் மன்னிக்கட்டும்.

தண்ணீர் முழுவதும் வடிந்து பெட்ரோல் வரும்வரை திறந்துவிட்டான். அதன்பின் ஒரே சுற்றில் வண்டி கிளம்பியது. அதைக் கேட்டு எனக்கு அழுகைதான் வந்தது. திங்கள்சந்தை தாண்டும்போது மருத்துவச்சி "நிறுத்து" என்றாள். அவன் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நிறுத்தினான். தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, வெளிய சொல்லிராதீங்க. அவளே அவ புள்ளையக் கொன்னுட்டான்னு ஒரு வாயி சொல்லிரும். சிரிச்சிட்டு வயித்தக் காட்டினது நான்."

ஆகவே ஊருக்கும் அந்தப் பொய்தான் போயிற்று. கம்பி துடைக்கச் சோம்பிப் பெண்டாட்டியைச் சாகக் கொடுத்தவன் என்று பெயர் வந்தது. அவன் வண்டியில் யாரும் ஏறவில்லை. தாணுமாலயன் பிள்ளை காரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ததேயுஸ் கரையில் நின்று கரமடி வலை இழுக்கப் போனான்.

இசபெலின் அம்மாவுக்கு வேறு நாதி இல்லை. அவன் போய்க் கூட்டிக்கொண்டு வந்து தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். மீன் குழம்பு வைத்துத் தட்டில் போட்டுக் கொடுப்பான். அவள் தின்றுகொண்டே அவனைத் திட்டுவாள். எனக்குச் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். ஒருநாள் தாங்காமல், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து போனேன். வாசலிலேயே மறித்தான். "அவியளுக்கு மவ நெனப்பு ஒண்ணுதான் பாக்கி அண்ணே. அதையும் நான் பிடுங்கணுமா?"

முப்பத்தொன்பதில் கிழவி படுத்த படுக்கையானாள். கடைசி நாளன்று பங்குச் சாமியார் வந்து மந்திரித்த எண்ணெய் தொட்டுப் பூசுதல் கொடுத்து, எல்லாரையும் மன்னித்துவிட்டாயா அம்மா என்று கேட்டார். எல்லாரையும் மன்னித்தேன், இவனைத் தவிர என்றாள். ததேயுஸ் அவள் வாயில் கஞ்சித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு கம்பியத் துடைக்க ஒனக்கு நேரமில்லாம போச்சாலே?"

கன்னத்தில் வழிந்த கஞ்சியைத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு அவன் சொன்னான்:

"மறந்துட்டேன், மாமி."