தம்பியும் என் சட்டைப்பைகளும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் சுவிஸ் நாட்டில், பேர்ண் நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் எனக்கு வேலை கிடைத்தது அரைப் பொய்யால்தான். "மிருகங்களோடு பழக்கம் உண்டா?" என்று பண்ணைக்காரர் கேட்டார். நான் மன்னார்க்காரன். எங்கள் ஊரில் கழுதைகள் பேருந்து நிலையம் வரை வந்து நிற்கும். "உண்டு, கழுதைகளோடு" என்றேன். அந்தக் கழுதைகளுக்கு நான் என்ன செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வழிவிட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

இரண்டு வருடம் மாடுகளோடு நிம்மதியாகப் போனது. மூன்றாம் வருடம் கார்த்திகையில் அவர் வேல்ஸ் நாட்டிலிருந்து ஒரு இளம் குதிரையை வரவழைத்தார். வெல்ஷ் கோப் என்ற இனம். மூன்று வயது, செம்பழுப்பு நிறம், தடித்த கழுத்து, குளம்பை மூடித் தொங்கும் மயிர். பண்ணையில் வந்து தங்குகிறவர்களை வண்டியில் ஏற்றி ஊர் காட்டுவதற்காக வாங்கியிருந்தார். உயிர்த்த ஞாயிற்றுக்கு முன் அவன் வண்டிக்குப் பழகவேண்டும், பழகாவிட்டால் விற்றுவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பழக்கவேண்டியவன் கழுதை அனுபவம் உள்ள நான்.

பத்திரத்தில் இருந்த அவனுடைய பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நான் "தம்பி" என்றேன். அவன் அதற்குத்தான் காதைத் திருப்பினான்.

முதல் சில கிழமைகள் அவன் தங்கமான பிள்ளை. கயிற்றைப் பிடித்தால் பின்னால் வருவான், நில் என்றால் நிற்பான். இந்த வித்தை எனக்குப் பிறவியிலேயே இருக்கிறதோ என்று எண்ணத் தொடங்கினேன். வீட்டில் வந்து பெருமையடித்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. மிஞ்சிய பாணை, சின்னச் சின்ன ரொட்டிகளை, குப்பையில் போடுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்த காலம் அது.

"பிள்ளைக்கு என்ன கொண்டுபோறியள்?" என்று கேட்டாள்.

"எந்தப் பிள்ளைக்கு?"

"உங்கட தம்பிக்குத்தான். பிள்ளை இருக்கிற இடத்துக்கு வெறுங்கையோடயோ போறது?"

எங்கள் சனத்திடம் இதற்கு மறுபேச்சுக் கிடையாது. மறுநாள் சட்டைப்பையில் இரண்டு பாண் கொண்டுபோனேன். அடுத்த கிழமை பாணோடு அப்பிள் சேர்ந்தது, பிறகு வாழைப்பழம். ஞாயிற்றுக்கிழமை பிட்டு மிஞ்சினால் திங்கட்கிழமை அதுவும் ஒரு பெட்டியில் வரும். பிட்டு என்றால் அவனுக்கு உயிர். தேங்காய்ப்பூவை உதட்டால் தேடித் தேடித் தின்பான். அவன் தின்னுகிற அழகை நான் வீட்டில் போய்ச் சொல்வேன். அவள் அடுத்த நாள் இன்னொரு துண்டு கூடப் போடுவாள்.

லாயக் கதவில் பண்ணைக்காரர் ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார். காய்ந்த புல் எவ்வளவு, ஓட்ஸ் எத்தனை கோப்பை என்று கட்டம் போட்டு எழுதிய அட்டை. நான் அதன்படி எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்தேன். பாணும் பிட்டும் என் மனதில் தீனிக் கணக்கில் வரவேயில்லை. தேத்தண்ணியோடு கொடுக்கிற பலகாரத்தை யாராவது சாப்பாடு என்பார்களா?

தை பிறந்ததும் தங்கமான பிள்ளை தறுதலையானான். கயிற்றைப் பிடித்தால் பின்னங்காலில் எழும்பினான். என் தொப்பியைக் கடித்து வேலிக்கு மேலால் எறிந்தான். நான் தாழ்ப்பாளைத் திறப்பதைக் கவனித்திருந்து உதட்டாலேயே திறக்கப் பழகினான். பண்ணைக்காரர் இரண்டாவது தாழ்ப்பாள் போட்டார். அவன் இரண்டையும் திறந்து, போகிற வழியில் மாடுகளின் கதவையும் திறந்துவிட்டான். ஒரு நாள் என்னை முற்றத்திலிருந்து தெருவரை இழுத்துக்கொண்டுபோய் தபால் திணைக்களம் ஓட்டுகிற மஞ்சள் தபால் பேருந்துக்கு முன்னால் நிறுத்தினான். சாரதி ஊதினார். தம்பி பதிலுக்குக் கனைத்தான். பேருந்துக்குள் இருந்தவர்கள் சேறு பூசிய என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்கள்.

காரணம் தேடி நான் மண்டையை உடைத்தேன். ஊர் நினைப்பு என்றேன், கண்ணூறு என்றேன், வாலிப வயசு என்றேன். கடைசியில் அந்தோனியார் படம் ஒன்றை லாயச் சுவரில் ஒட்டினேன். காலையில் பார்த்தால் சுவரில் பசை மட்டும் இருந்தது.

"அந்தோனியாரையும் விடேல்லையோ?" என்று மனைவி நெஞ்சில் கைவைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பசியாக்கும்" என்றாள். அடுத்த நாள் மூன்று பாண் தந்தாள்.

வண்டியின் ஏர்க்கால்களைக் கண்டாலே அவன் உதைத்தான். நாற்பது நாள் நோன்பு தொடங்கும் விபூதிப் புதனுக்கு முதல் நாள் பண்ணைக்காரர் குதிரை வியாபாரிக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த வியாபாரி இறைச்சிக் கடைகளுக்கும் குதிரை கொடுப்பவர்.

விபூதிப் புதனன்று மிருக வைத்தியப் பெண்மணி விற்பனைக்கு முன் அவனைச் சோதிக்க வந்தார். பிடரிக்குக் கீழே கழுத்தை அமுக்கினார். பலகைபோல இறுகியிருந்தது. "இந்த இனம் காற்றைக் குடித்தே கொழுக்கும். இவன் வெறும் காற்றா குடிக்கிறான்? இப்படியே விட்டால் குளம்பு வெந்து நொண்டியாவான். உடம்பில் இவ்வளவு சூடு இருந்தால் துள்ளாமல் என்ன செய்வான்?" என்றார்.

பண்ணைக்காரர் அட்டையைக் கழற்றிக் காட்டினார். "இதற்கு மேல் ஒரு கைப்பிடிகூட இல்லை. அப்படியானால் இது பிறவிக் குணம். பிறப்பிலேயே கெட்டவன்" என்றார்.

நான் பக்கத்தில் நின்றேன். என் சட்டைப்பைகளில் மூன்று பாண் இருந்தது. அந்த மாதம்தான் என் விசாவைப் புதுப்பிக்க அவர் கடிதம் தரவேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் தப்புவேன், தம்பி போவான். ஆனால் அவனுடைய பிறப்பைப் பற்றிச் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளையைக் கெடுத்தவன் நான், பழி அவன் பிறப்புக்கா?

"நான்தான்" என்றேன். பாணை எடுத்து வேலியில் வைத்தேன். அப்பிள், வாழைப்பழம் எல்லாம் சொன்னேன். பிட்டுக்கு ஜெர்மன் மொழியில் சொல் இல்லாதபடியால் அரிசிமா, தேங்காய், நீராவி என்று கையால் அவித்துக் காட்டினேன்.

"தேங்காயா?" என்று வைத்தியர் கேட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

பண்ணைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய கட்டங்களை அவமானப்படுத்திவிட்டேன். அதை மறுபடி கதவில் மாட்டிவிட்டு, "உயிர்த்த ஞாயிறு வரை" என்றார். "அதற்குள் திருந்தினால் இருப்பான். நீ இனி வரும்போது பைகளைக் காட்டு."

காட்டினேன். ஒவ்வொரு காலையும் வாசலில் நான்கு பைகளையும் வெளியே இழுத்துவிட்டு நின்றேன். இந்த நாட்டு எல்லையிலும் என் பைகளைச் சோதித்தார்கள். அன்றும் அவற்றில் ஒன்றும் இருக்கவில்லை, ஆனால் அன்று இவ்வளவு வெட்கமாக இல்லை.

அந்த வருடம் எங்கள் வீட்டில் தபசுகால நோன்பை ஒழுங்காக அனுசரித்தவன் அவன் ஒருவன்தான். ஓட்ஸ் இல்லை, புல் அளந்து, தினமும் மேட்டில் நடை. முதல் கிழமை என் பைகளை மோந்துவிட்டுப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். மனைவியோ பழைய பாணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். எனக்கு வேறொரு பயம் இருந்தது. இத்தனை மாதம் என்னிடம் ஓடி வந்தவன் எனக்காக வந்தானா, பாணுக்காக வந்தானா? பாணுக்காகத்தான் என்றால், வண்டிக்கும் வரமாட்டான். அவனைக் காப்பாற்ற ஒன்றும் செய்ய முடியாது.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் நாள், பெரிய சனியன்று, வியாபாரி வந்தார். என் மனைவியும் வந்தாள், முதல் தடவையாக. தன் பங்குப் பாவத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவள்போல வேலியோரம் நின்றாள்.

நான் உள்ளே போனேன். அவன் இடப்பை, வலப்பை, மார்புப்பை எல்லாம் தேடினான். ஒன்றும் இல்லை. "வா தம்பி" என்றேன். கயிற்றை இழுக்கவில்லை, இழுக்கத் துணிவும் இல்லை. அவன் வந்தான். முற்றத்தைக் கடக்கும்போது தபால் பேருந்து ஊதிக்கொண்டு போனது. காதை நிமிர்த்தினான், என்னைப் பார்த்தான், மறுபடி நடந்தான். ஏர்க்கால்களுக்கு நடுவில் போய் நின்று, வண்டியைப் பூட்டும்போது ஒரு கொட்டாவி விட்டான்.

வியாபாரி குளம்பைத் தூக்கிப் பார்த்து, "நல்ல குணம். இப்போதே எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

"விற்பனைக்கு இல்லை. கோப்பி குடித்துவிட்டுப் போங்கள்" என்றார் பண்ணைக்காரர்.

வண்டியை அவிழ்த்தபின் மனைவி கிட்ட வந்தாள். கைகளைப் பின்னால் மறைத்திருந்தாள். "பிள்ளையைப் பாக்க வந்திட்டு வெறுங்கையோட நிக்கிறன்" என்று சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அவன் அவள் கைகளைத் தேடிப் பிடித்து மோந்தான், கைப்பையைத் தட்டினான், பிறகு தலையை அவள் தோளில் வைத்தான். அவள் அசையாமல் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, ஒண்டும் இல்லையெண்டு தெரிஞ்சும் நிக்கிறான்" என்றாள்.

அந்தோனியாருக்கு நடந்ததை நினைத்து, அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும் செபமாலையை அவனுக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னேன்.