என் பேரில் அவள் எழுதிய க்விஸ்

கும்மிடிப்பூண்டியில் பெயின்ட் டப்பாவுக்கு மூடி அழுத்துகிற லைனில் நிற்கிறேன். லைன் யாருக்காகவும் நிற்காது. ஒருத்திக்கு பாத்ரூம் போக வேண்டுமென்றால், இன்னொருத்தி வந்து அவள் இடத்தில் நிற்பாள். அதற்கு எங்கள் பேச்சில் ரிலீவ் என்று பெயர். டப்பா சரியாக மூடியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். யார் கை மூடியது என்று கேட்க மாட்டார்கள்.

எங்கள் கம்பெனியின் லேபுக்குப் போய்விட வேண்டும் என்பதே என் ஆசை. அங்கே வேலை நாற்காலியில். எனக்கோ ஷிப்ட் முடிவதற்குள் கால் வீங்கிவிடும். லேபுக்கு வேதியியல் பட்டம் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தும் ஒரு கல்லூரியில் லைன் பெண்கள் நாலு பேர் சேர்ந்தோம்.

அங்கே வாரா வாரம் ஆன்லைன் க்விஸ் உண்டு. அந்த மதிப்பெண் இன்டர்னலில் சேரும். புதன்கிழமை சாயங்காலம் மட்டும்தான் திறக்கும். எங்களில் மூன்று பேர் அப்போது ஷிப்டில் இருப்போம். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நாலாமவளுக்குக் கைக்குழந்தை என்பதால் எப்போதும் காலை ஷிப்ட். சாயங்காலம் புதுவாயலில் தன் வீட்டில் இருப்பாள்.

"பாஸ்வேர்ட குடுத்துட்டுப் போங்கடீ, நான் ரிலீவ் பண்றேன்" என்றாள் அவளே.

எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை. லைனில் செய்வதைத்தானே செய்கிறோம்.

க்விஸ் ஆளுக்கு ஒரு கேள்வித்தாளாக வந்தது. நாலு பேருக்கும் எழுத வேண்டுமென்றால் பாடம் முழுவதையும் அவள் படித்தாக வேண்டும். "உங்களால ஒரே பேஜாரா கீதுடீ. புள்ளைய மடியில போட்டுக்கினு படிக்கிறேன்" என்று அலுத்துக்கொள்வாள். பாவம் என்று நினைத்து, ஷிப்ட் இல்லாத நாளில் அவளுக்கு பஜ்ஜி வாங்கிப் போவேன். உண்மையில் யார் பாவம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

எனக்கு இன்டர்னலில் எப்போதும் முழு மதிப்பெண்தான். பாடம் எடுத்தவரும் வகுப்பில் என்னைப் பாராட்டுவார். செமஸ்டருக்கு கைடை உருப்போட்டு ஒப்பேற்றினேன். பட்டமும் வந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

லேபில் ஓர் இடம் காலியானபோது நாலு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "பெயின்ட் சூடானா ஏம்மா இளகிடுது?" என்றார் அதிகாரி. அந்தப் பாடத்தின் க்விஸிலும் எனக்கு முழு மதிப்பெண். தினம் தினம் இளகுவதைக் கண்ணால் பார்க்கிறவள் நான். ஏன் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. இடம் அவளுக்குக் கிடைத்தது.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. படித்தவளுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புதன்கிழமைகளை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது. ஒரு வாரமாவது ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கலாம்.

போன வாரம் சாம்பிள் எடுக்க வெள்ளைக் கோட்டோடு லைனுக்கு வந்தாள். என் காலைப் பார்த்தாள்.

"இன்னாடீ இப்டி வீங்கிக் கீது? போய் கொஞ்சம் குந்திட்டு வா. நான் நிக்கிறேன்."

கோட்டுக் கையை மடித்துவிட்டு என் இடத்தில் நின்றாள். மூடி அழுத்துவது அவளுக்கு மறக்கவே இல்லை. நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், லேபில் என்னாலும் அவளை ரிலீவ் செய்ய முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு லைனுக்குத் திரும்பினேன்.