இரண்டு தடவைதான்

நவமணிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், மூக்கைச் சுருக்குவாள். கமுந்திங் கையுறைத் தொழிற்சாலையில் அவள் குமாஸ்தாவாக இருந்த பதினான்கு வருடத்தில் அந்த மூக்கு அதிகம் சுருங்கியது 1987-இல்.

தற்காலிகமாக வேலை பார்த்த நூற்று நாற்பது பெண்களை நிரந்தரமாக்கப் போவதாகத் தலைமையகம் சொல்லியிருந்தது. யார் எந்தத் தேதியில் சேர்ந்தார்கள் என்ற பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் எல்லோரும் இன்றைக்குச் சேர்ந்தவர்கள்தான். கூட்டித் துடைக்கும் முத்தம்மாவின் ஒன்பது வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான். கம்ப்யூட்டர் வந்த கையோடு, பழைய பதிவு அட்டைகளைப் பேப்பர்காரனிடம் எடைக்குத் தள்ளிவிட்டிருந்தார் மேனேஜர் ஜெயபாலன். திங்கட்கிழமை மழையில் இடி விழுந்து அந்தக் கம்ப்யூட்டரும் கருகிப்போனது.

நல்லவேளை, பட்டியலை நவமணி தனி டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தாள். புதன்கிழமை ஈப்போவிலிருந்து புது மெஷினும் வந்தது. ஆனால் பட்டியலைத் திறக்கிற புரோகிராமை அதில் ஏற்றப் போனால், அனுமதி தீர்ந்துவிட்டது என்றது திரை. அந்தப் புரோகிராமை அதன் மூல டிஸ்க்கிலிருந்து இரண்டு தடவைதான் ஏற்றலாம். வேறு மெஷினுக்கு மாற்ற வேண்டுமானால், முதலில் பழையதிலிருந்து கழற்றி, அனுமதியை டிஸ்க்குக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். கோலாலம்பூர் ஏஜெண்டுக்குப் போன் போட்டாள்.

“பழைய மெஷின்லருந்து கழட்டிட்டு ஏத்துங்கலா.”

“அது எரிஞ்சு போச்சுங்க.”

“அப்ப முடியாது. லெட்டர் போடுங்க. ரெண்டு மாசம் ஆகும்.”

போனை வைத்தாள். சீ என்று வந்தது. விலை கொடுத்து வாங்கிய பிறகும் வாசலில் கைகட்டி நிற்க வேண்டுமா? இந்தக் குரல் அவளுக்குப் புதிதல்ல. சுங்கை சிப்புட் எஸ்டேட்டில் அவள் அப்பா சன்னாசி இறந்த வாரமே, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுச் சாவியை ஒப்படைத்தால்தான் சர்வீஸ் கடிதம் என்று ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி சொல்லிவிட்டார். அம்மா சாவியை நீட்டினாள். கிராணி அதை வாங்கிக்கொண்டு, சுவரில் எத்தனை ஆணி அடித்திருக்கிறது என்று எண்ணப் போனார்.

அப்போதுதான் உறைத்தது. எரிந்த மெஷினில் ஏற்றியது ஒரு தடவை. இன்னொன்று எங்கே? மூல டிஸ்க் இத்தனை நாளும் மேனேஜரிடம்தான் இருந்தது. அவர் அறைக்குப் போனாள்.

“சார், ரெண்டாவது தடவ எங்க ஏத்துனீங்க?”

“வீட்டுல. பேட்மிண்டன் கிளப் மெம்பர் லிஸ்ட் போட. அதுக்கென்ன இப்ப?”

வீட்டு மெஷினில் பட்டியலைத் திறக்கலாம் என்று திங்கள் முதலே அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயில் கொழுக்கட்டை. பல்லி விழுந்த சோற்றைப் பார்ப்பதுபோல் நவமணி அவரைப் பார்த்தாள்.

“அந்த மெஷின்ல நம்ம லிஸ்ட எடுத்துக்கிறேன் சார்.”

“வீட்டுல விருந்தாளிங்க இருக்காங்க. லெட்டர் போட்டுப் பாப்போமே.”

“அப்ப பொம்பளைங்ககிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க சார். எல்லாரும் இங்கதான் இருக்காங்க.”

ஜெயபாலன் கண்ணாடித் தடுப்பு வழியாக வெளியே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து விலாசம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் தைப்பிங்கில் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பின்வாசல் வழியாக உள்ளே விட்டார். சைக்கிளும் அரிசி மூட்டையும் கிடந்த அறையில் மெஷின் இருந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. பிரிண்டர் கறகறவென்று பெயர்களைத் துப்பியது. முத்தம்மா, 1978 மார்ச் ஆறு. நூற்று நாற்பதையும் விரல் வைத்துச் சரிபார்த்து, தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“முடிஞ்சுதா?” வாசலில் நின்று கேட்டார் மேனேஜர் மனைவி.

“ஒரு சின்ன வேல பாக்கி இருக்கு மேடம்.”

மூல டிஸ்க்கை எடுத்துச் சொருகினாள். புரோகிராமைக் கழற்றவா என்று திரை கேட்டது. ஆம் என்று தட்டினாள். விளக்கு நாலு தரம் மினுக்கி அணைந்தது. அனுமதி ஒன்று மீதம் என்று வந்தது. இனி அந்த மெஷினில் கிளப் பட்டியல் திறக்காது.

“என்ன பண்ணுனீங்க?”

“ஆபீஸ் சாவி மேடம்,” என்று டிஸ்க்கை உறையில் போட்டாள் நவமணி. “வாங்கிட்டுப் போறேன்.”