ஜெரினா அக்காவின் காதுத் தாள்

ஜெரினா அக்காவின் எழுத்துகளைக் கெடுத்தவர்கள்தான் அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். கெடுத்தவர்களில் நானும் ஒருவன். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை என்னால் எழுத முடியும்.

செய்தி எனக்கு ரயிலில் வந்தது. வேப்பம்பட்டில் ஏறி ஆவடி வருவதற்குள் கைப்பேசி நாலைந்து முறை அதிர்ந்தது. கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். நடுவில் அக்காவின் அடையாள அட்டைப் புகைப்படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, ஓரத்தில் கரை கட்டியது போல அ, ஆ, இ, ஈ. மூன்று நாள் காய்ச்சல். சளி நுரையீரலில் இறங்கி, நான்காம் நாள் விடியும்போது மூச்சு நின்றுவிட்டது. வயது முப்பத்தேழு. படத்துக்குக் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அந்தக் கைகளுக்கு நடுவிலேயே மேலாளரின் அடுத்த செய்தியும் வந்தது: "பன்னண்டு மணிக்குள்ள மருந்துப் பொட்டி லோடு கெளம்பணும். பேஸ்டிங் ஆளுங்க சீக்கிரம் வாங்க." அதற்கும் ஒருவர் கும்பிட்ட கை போட்டிருந்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாதிரிப் பிரிவில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. மருந்தோ, சோப்போ, இனிப்போ, எது வந்தாலும் அதற்கான பெட்டியைத் தட்டையாக விரித்துக் கணினியில் வரைவது அவர் வேலை. எங்கே வெட்டு, எங்கே மடிப்பு, எங்கே ஒட்டு என்று கோடு போட்டுத் தருவார். நான் அதை மாதிரி வெட்டும் இயந்திரத்தில் ஓட்டி எடுப்பேன். ஆவடி, வெள்ளானூர்ப் பக்கத்து ஆசிரியர்களே, உங்களுக்கு அவர் முகம் தெரிந்திருக்காது. வெட்டி, மடித்து, ஒட்டி மேசைமேல் நிற்கவைக்கும் தமிழ் எழுத்துத் தாள்கள் உங்கள் பள்ளிக்கு வந்தனவே, அவற்றை வரைந்தவர் அவர்தான்.

அக்காவின் அண்ணன் மகளை ஒன்றாம் வகுப்பில் எழுத்து மாதிரி செய்துவரச் சொன்னதில் தொடங்கியது அது. இணையத்தில் தேடினால் ஆங்கில எழுத்துத் தாள்கள் கொட்டிக் கிடந்தன. தமிழில் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. "அவங்க எழுத்து பொட்டி மாதிரி கீது நைனா, ஈஸியா நிக்குது. நம்முது கொடலு மாதிரி சுத்திகினு கீது. எவன் ஒக்காந்து மடிப்பான்?" என்றார். பிறகு அவரேதான் உட்கார்ந்தார். மதிய இடைவேளையில் ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, மறு கையில் மவுஸ். ட, ப இரண்டும் முதல் நாளே நின்றுவிட்டன. நேர்கோடுகள்தானே. "இதுங்க ரெண்டும் நம்ம சொந்தக்காரங்க. மிச்சமெல்லாம் சம்பந்தி ஊட்டு ஆளுங்க, மூஞ்சி குட்த்தே பேச மாட்டாங்க." இ-யோடு மூன்று வாரம் சண்டை போட்டார். சுழிக்குள் ஓடும் சுவரை ஒட்டுவதற்குள் பின்பக்கம் மூடிக்கொள்ளும், விரல் உள்ளே போகாது. கடைசியில் ஒட்டும் வரிசையையே எண் போட்டுத் தாளில் குறித்துவிட்டார். "உள் செவுத்த மொதல்ல ஒட்டு. மூடினப்புறம் உள்ள கைய உட முடியாது."

சுவரின் விளிம்பில் பற்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒட்டு மடிப்பை அவர் காது என்பார். அதை உள்பக்கம் மடித்து அதன்மேல் பசை தடவினால்தான் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோடு ஒட்டும். வெறும் அட்டை விளிம்பில் எவ்வளவு பசை தடவினாலும் நிற்காது. காது எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதற்காக அண்ணன் மகளின் கட்டைவிரலை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு வந்தார். எல்லார் வீட்டிலும் பசைக் குப்பி இருக்காது என்று சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, காயவிட்டு, இழுத்துப் பார்த்தார். "பெரியவங்க வெரல வெச்சி டிசைன் பண்ணா, அத பெரியவங்கதான் ஒட்டணும்" என்பார். அவருடைய அப்பா பூந்தமல்லியில் பள்ளிச் சீருடை தைத்தவர். "எங்க அத்தா தையலுக்குன்னு உள்ள கொஞ்சம் துணி உட்டுத்தான் வெட்டுவாரு. அந்தத் துணி வெளிய தெரியாது. ஆனா அது இல்லன்னா சட்டையே இல்ல."

முதலாளியின் அறக்கட்டளை இந்த எழுத்துகளை எடுத்துக்கொண்டது. அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாக அச்சடித்துத் தரப்போவதாகச் சொன்னார்கள். அக்கா அன்று எல்லாருக்கும் பிரியாணி கொண்டுவந்தார். அடுத்த வாரம் அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள், மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "மேல மொதலாளி படம் வரணும், கீழ லோகோ. அந்தப் பல்லு பல்லா நீட்டிகினு கீறதெல்லாம் எடுத்துடுப்பா, பாக்கவே அசிங்கமா கீது. ஒரு தாள்ல ரெண்டு எழுத்து வெச்சிடலாம்."

நான் காதுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான். இது இல்லாமல் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். மேலாளருக்கும் தெரியும். பெட்டி செய்து பிழைக்கும் கம்பெனியில் வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூட அது தெரியும். மருந்துப் பெட்டிக்கு ஒட்டு மடிப்பு இல்லாமல் அனுப்பியிருந்தால் வாடிக்கையாளர் லாரியைத் திருப்பி அனுப்பியிருப்பார், மேலாளருக்கு வேலை போயிருக்கும். குழந்தைகள் எதையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் அவர் சொன்னார். அந்தத் தைரியத்தில்தான் நானும் அழித்தேன்.

அச்சாகி வந்த தாளை அக்கா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"காத எவன் நைனா அறுத்தான்?"

"நான்தான்கா. சார் சொன்னாரு."

"சார் சொன்னா உன் காத அறுத்துப்பியா?"

"தாள்ல இருந்த உங்க பேரையும் எடுத்துட்டாங்கக்கா. நான் எடுக்கல, அத அறக்கட்டளையிலயே..."

"பேரு போனா போவுது. காது எங்க?"

மேலாளர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. "செல்லோ டேப் போட்டு ஒட்டிக்கட்டும்மா, குழந்தைங்கதானே" என்று அவர் சொன்னது எங்கள் பிரிவு முழுக்கக் கேட்டது. யாரும் தலை நிமிரவில்லை.

வெள்ளானூரில் ஒரு பள்ளியில் தொடக்க விழா வைத்தார்கள். தாள்களை ஏற்றிய வேனில் நானும் அக்காவும் போனோம். மேடையில் தெர்மாகோலில் செய்து வண்ணம் அடித்த பெரிய எழுத்துகள், கடையில் வாங்கியவை. அவற்றுக்குப் பக்கத்தில் நின்று முதலாளி படம் எடுத்துக்கொண்டார். கீழே பிள்ளைகள் அக்காவின் தாளை வெட்டி, மடித்து, விளிம்பில் பசையைத் தடவித் தடவி அழுத்திக்கொண்டிருந்தார்கள். கையை எடுத்ததும் எல்லாம் விரிந்தது. முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளைக்கு முழங்கை வரை பசை. ஆசிரியை அவள் தலையில் தட்டி, "ஒரு ட ஒட்டத் தெரியல. நீயெல்லாம் எழுதி இன்னா கிழிக்கப் போற?" என்றார். அந்தப் பிள்ளை அழவில்லை. தாளைச் சுருட்டித் தன் காலுக்குக் கீழே தள்ளிக்கொண்டாள்.

அக்கா நேராகப் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தாளை எடுத்துப் பிரித்தார். "உன் மேல தப்பு இல்ல கண்ணு. தாளு மேல தப்பு. நாங்க தப்பா அடிச்சிட்டோம்" என்றார். பிறகு எழுந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துச் சத்தமாக அதையே சொன்னார். "மன்னிச்சிக்கோங்க" என்றும் சொன்னார். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் ஓடிவந்து கேமராவுக்கு முன்னால் நின்றார்.

திரும்பி வரும்போது வேனில் அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தப் பொண்ணு இனிமே ட-ன்னாலே பயப்படும் பாரு" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் அவரை மாதிரிப் பிரிவிலிருந்து எடுத்து, அட்டை வெட்டும் அச்சுகளான பழைய டைகளைத் துடைத்து அடுக்கும் அறையில் போட்டார்கள். ஜன்னல் இல்லாத, துருவும் தூசியுமான அறை. அங்கே இருமிக்கொண்டே அவர் இன்னொன்றைச் செய்தார். அச்சடித்த தாள்கள் மலைபோல் செம்பரம்பாக்கம் பக்கத்துக் கிடங்கில் இருந்தன. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அவை மற்ற ஊர்களுக்கும் போகப்போகின்றன. அவற்றைக் கிழித்துப் போடச் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வெறும் காதுகள் மட்டும் உள்ள ஒரு தாளை வரைந்தார். நீள நீளப் பட்டைகள், இரண்டு ஓரமும் பல், நடுவில் மடிப்புக்கோடு. வேண்டிய நீளத்துக்கு வெட்டி, ஒரு பாதியை எழுத்தின் முகத்திலும் மறு பாதியை அதன் பக்கச் சுவரிலும் ஒட்டினால் எந்த எழுத்தும் நிற்கும். ஒரு தாள் மூன்று எழுத்துக்குப் போதும். என்னைக் கூப்பிட்டு வெட்டிப் பார்க்கச் சொன்னார். இ நின்றது. ழ நின்றது. ஃ-இன் மூன்று புள்ளிகளும் ஒன்றாக நின்றன.

அந்தத் தாளோடு மேலாளரிடம் போனபோது நானும் கூடப் போனேன். அந்த ஒரு முறையாவது போனேன்.

"கழிவு அட்டையிலயே அடிச்சிக்கலாம் சார். அந்தக் கட்டோட சேத்து அனுப்பிச்சா போதும். பழசு எதுவும் வீணாவாது" என்றார் அக்கா.

மேலாளர் தாளை வாங்கினார், மேசைமேல் வைத்தார், அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். "பாக்கலாம்மா."

வெளியே வந்ததும் அக்கா சிரித்தார். "கிளாஸுக்கு நல்ல அட்ட நைனா. தண்ணி ஊறாது." அதற்குப் பிறகு வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சலில் படுத்த இரண்டாம் நாள் எனக்குப் போன் செய்தபோதும் குசலம் விசாரிக்கவில்லை. இழுத்து இழுத்துப் பேசினார். "கிடங்குலேர்ந்து லோடு ஏத்திட்டானுங்களா? ஏத்தலல்ல? அப்ப டைம் கீது."

கூட்டம் கேண்டீனில் நடந்தது. மதியச் சாம்பாரின் வாசனை போகவில்லை. அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கியிருந்ததால் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அதற்குச் சம்பங்கி மாலை, ஊதுவத்தி. அவருடைய அண்ணன் வாசலோரம் நின்று, "எங்க ஊட்ல படத்துக்கு மால போட்ற வழக்கம் இல்ல சார்" என்று மெதுவாகச் சொன்னார். "ஒரு மரியாதைக்குத்தான் பாய்" என்று அவர் தோளைத் தட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். படத்துக்கு முன்னால் அ, ஆ, இ, ஈ, உ வரிசையாக நின்றன. காது இல்லாத தாளிலிருந்து அலுவலகத்து ஆட்கள் செய்தவை. செல்லோ டேப்பால் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். மின்விசிறியைப் போட்டதும் இ-யின் முதுகு பிளந்து சாய்ந்தது. மேலாளர் அதை ஒரு தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். நம் குடும்பத்தில் ஒருவர் என்றார். குழந்தைகள் மேல் உயிர் என்றார். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார். பெட்டி செய்யத் தெரிந்த அத்தனை பேரும் அந்தப் பிளந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் காதுத் தாள். மேலாளரின் குப்பைக்கூடையிலிருந்து நான் எடுத்தது. நடுவில் டீ கிளாஸின் வட்டக் கறை இருக்கிறது. ஓரத்தில் அவர் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் "பாப்பா கட்டைவிரல்" என்று எழுதியிருக்கிறார். வேறு நினைவுப் பொருள் எனக்கு வேண்டாம். அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் தகுதியும், இதைக் கொண்டுபோய் அச்சடிக்கச் சொல்லிக் கேட்காதவரை, எனக்குக் கிடையாது.

அதனால் கூட்டத்திலேயே எழுந்தேன். தாளை விரித்து எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தேன்.

"சார், லோடு இன்னும் கிடங்குலதான் இருக்கு. பள்ளிக்கூடம் திறக்கப் போறாங்க. இது அக்கா உங்க கையில குடுத்த தாள். இத என்னைக்கு அச்சடிக்கப் போறீங்க? தேதி சொல்லுங்க."

அண்ணன் தலையைத் தூக்கி மேலாளரைப் பார்த்தார். பெட்டி ஒட்டும் பேஸ்டிங் பிரிவுப் பெண்களும் பார்த்தார்கள். மேலாளர் என்னைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் எழுந்திரிங்க. ரெண்டு நிமிஷம் மௌனம்."

நாற்காலிகள் உரசும் சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்தார்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.