வாய்க்கால் ஓரத்து முதல் கொடி

நான் செய்வது பாதி ஓவியம், பாதி சிற்பம். பலகையில் ஏலக்காய்ச் சாக்கை ஒட்டி, சாந்து பூசி, கம்பியும் கட்டையும் பதித்து, மேலே வண்ணம் அடிப்பேன். ஊரில் கேட்டால் 'பலகையில சாமான் ஒட்டுறாரு' என்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெரிய பலகை நடுவில் வெறுமையாக நின்றது. முறுக்கேறிய அடிமரம் ஒன்று வேண்டும். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓடைப்பட்டியில், அக்காவின் திராட்சைத் தோட்டத்தில், வாய்க்கால் ஓரத்து முதல் கொடி. மாமா செத்த வருஷம் தனியாளாகக் குழி தோண்டி அவள் நட்டது. ஓவியக் கல்லூரியில் எனக்குச் சோறு போட்டது அந்தத் தோட்டம்தான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். நான் ரம்பத்தோடு போனேன்.

கவாத்து முடிந்த வாரம். பந்தல் முழுக்க மொட்டைக் குச்சிகள். பட்டுப்போனது என்று நினைத்து அறுத்தேன் என்று பிறகு நண்பர்களிடம் சொன்னேன். பச்சைப் பொய். அறுக்க அறுக்க வெட்டுவாயில் நீர் சொட்டி என் கை நனைந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு அறுத்தேன்.

மறுநாள் அக்கா போனில் அழுதாள். "எந்தக் கட்டையில போறவனோ தூரோட அறுத்துட்டுப் போயிட்டான்டா தம்பி."

"காலம் கெட்டுப்போச்சுக்கா" என்றேன்.

பத்தாம் நாள் சின்னமனூர் சந்தைக்கு வந்தவள் என் வீட்டுக்கும் வந்தாள். பலகையை மறைக்கவில்லை. அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்ற திமிர். சாந்தும் வெள்ளையும் பூசிய கட்டையில், பந்தல் கம்பி அழுந்திய பழைய தழும்பை அவள் விரல் நேராகப் போய்த் தொட்டது. திட்டுவாள் என்று நின்றேன். அவள் தழும்புக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கவாத்து முடிந்ததும் மொட்டு வெடிக்க அவள் குச்சிகளில் தடவியிருந்த மருந்து வேலை செய்திருக்கிறது. சாந்தைக் கீறிக்கொண்டு அரை விரல் நீளத்துக்கு ஒரு தளிர்.

"இங்கன பாருடா, இன்னும் உசுரு இருக்கு. குடுடா, கொண்டுபோயி நட்டுப் பாக்குறேன். ஒன்னைய ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

மறுநாள் பலகையைக் கொச்சிக் கண்காட்சிக்கு ஏற்ற வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பச்சை என் வெள்ளையைக் கெடுத்தது. நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் வண்ணம் தொட்டு வைத்தேன்.

அக்கா குனிந்து அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "நல்லா இருடா" என்றாள். போட்டுவைத்த டீயைத் தொடவில்லை.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் பலகையின் கீழ் மூலையில் என் பெயரை எழுதிவிட்டேன்.