வெளிச்சவீட்டு விளையாட்டும் என் மனைவியும்

சென்ற வருடம் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்களில், கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில், அஸர் தொழுகை முடிந்த ஒரு பின்நேரத்தில் இது நடந்தது.

என் மனைவிக்கு மறதி நோய். முதலில் சாமான்களின் பெயர்கள் போயின, பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போயின, கடைசியில் நானும் போனேன். சில நாட்களில் என்னை 'வாப்பா' என்று கூப்பிடுவாள், மௌத்தாகி மண்ணுக்குப் போன தன் தகப்பன் என்று நினைத்து. ஆனாலும், அந்நிய ஆண்களுக்கு முன்னால் போடுகிற முக்காடு இல்லாமல் என் பக்கத்தில் இருப்பாள். என் கையால் சோறு வாங்கித் தின்பாள். நான் யாரென்று தெரியாவிட்டாலும் தன்னுடைய ஆள் என்று தெரிந்திருந்தது. எதையும் எண்ணிப் பார்ப்பது என் குணம். மிச்சமிருப்பது இவ்வளவுதான் என்று அதையும் எண்ணி வைத்திருந்தேன். இருந்தும் எனக்கு ஓர் ஆசை. நாற்பத்துமூன்று வருடங்களாக அவள் என்னை 'இஞ்சாருங்க' என்றுதான் கூப்பிட்டாள். அதை இன்னும் ஒரேயொரு தடவை கேட்க வேண்டும்.

அந்த ஆசையில் நான் கிடந்தபோதுதான் மகள் தன் லப்டொப்போடு வந்தாள்.

"வாப்பா, நீங்களும் உம்மாவும் முந்தி விளையாடின அந்த வெளிச்சவீட்டு விளையாட்டு திரும்ப வந்திரிக்கி. படமெல்லாம் புதுசாக் கீறியிரிக்காங்க."

அது சுடுகிற, ஓடுகிற விளையாட்டு இல்லை. திரையில் ஒரு தீவு. அதில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு அணைந்துபோன ஒரு வெளிச்சவீடு, அதைக் காக்கும் ஒரு கிழவன். மவுஸால் அம்பை நகர்த்தி, ஒரு பொருளைத் தொட்டால் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். கிடைப்பதைப் பையில் போட்டுக்கொள்ளலாம். எதை எதோடு சேர்த்தால் எந்தப் பூட்டுத் திறக்கும் என்று மூளையைப் போட்டுக் குழப்ப வேண்டும். கடைசியில் உச்சியில் இருக்கும் விளக்கை ஏற்றினால் முடிந்தது.

நான் கட்டாரில் பதினொரு வருடங்கள் ஒரு கம்பனியில் கணக்கெழுதும் லிகிதராக இருந்தவன். முதல் விடுமுறைக்கு வரும்போது, உறவினர்களெல்லாம் பைத்தியம் என்று சொல்ல, ஒரு கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த விளையாட்டும் அதோடு வந்ததுதான். நான் ஆங்கில வரிகளை வாசித்துச் சொல்வேன், அவள் என்ன செய்வதென்று சொல்வாள். வெளிச்சவீட்டின் கீழ்க் கதவுத் தாழ்ப்பாளை அசைக்க, பையில் இருந்த ஒன்பது பொருட்களையும் நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தோற்றேன். அடுப்பங்கரையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தவள், "துருப்புடிச்சிக் கிடக்கு, எண்ணெய பூசாம வேற என்னத்தப் பூசுற?" என்றாள். படிக்கட்டுக்குக் கீழே ஓர் எண்ணெய்ப் போத்தல் இருந்ததை நான் கவனிக்கவேயில்லை. "இங்கிலீஷ் உங்களுக்கு, மூளை எனக்கு" என்று அன்று முழுக்கச் சிரித்தாள்.

விடுமுறை முடிந்து நான் போனதும் கொம்பியூட்டரை ஒரு துணியால் மூடிவைப்பாள். நான் இல்லாமல் தொடமாட்டாள். அடுத்த விடுமுறையில், விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகு எனக்குக் கடை, அவளுக்குப் பிள்ளைகள். விளக்கை ஏற்றாமலே விட்டுவிட்டோம். பிறகு சுனாமியில் கடல் வீட்டுக்குள் வந்து கொம்பியூட்டரையும் கொண்டுபோனது.

இப்போது மகள் லப்டொப்பை மேசையில் வைத்தாள். நான் மனைவியைக் கைபிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். மின்சாரம் போய்விடுமோ என்று ஒரு பயம், அவள் எழுந்துவிடுவாளோ என்று இன்னொரு பயம். புதுப் படம் அழகுதான். கடல் அசைந்தது, முகில் ஓடியது, தீவுக் கிழவனின் தாடி மயிரை எண்ணலாம் போலிருந்தது. அவள் அதைச் செய்தி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பட்டன அமத்துங்க வாப்பா, பழைய படம் வரும்" என்றாள் மகள். புதிதாகச் செய்தவர்கள் பழையதையும் உள்ளேயே வைத்திருக்கிறார்களாம். அமத்தினேன்.

கடல் அசையாமல் நின்றது. மொத்தமே பதினாறு நிறங்கள். சதுரம் சதுரமான புள்ளிகள். கிழவனின் கண்கள் இரண்டே புள்ளிகள். என் மனைவி முன்னுக்குச் சாய்ந்தாள். கை தானாக மவுஸுக்குப் போனது. அம்பு படிக்கட்டுக்குக் கீழே போய், எண்ணெய்ப் போத்தலை எடுத்து, தாழ்ப்பாளில் போட்டது. கதவு திறந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். திரையில் வந்த ஆங்கில வரியை, அந்த நாளில் வாசித்த மாதிரியே வாசித்து, "கதவு திறந்திட்டு" என்று சொன்னேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பல மாதங்களாக இல்லாத தெளிவு அந்தக் கண்களில் இருந்தது. அந்தச் சொல்லுக்காக நான் காத்திருந்தேன்.

அவள் கை சேலைத் தலைப்பைத் தேடி எடுத்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டது. எழுந்து சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். "ஊட்டுல ஆம்பிளயள் ஒருத்தரும் இல்ல. அவரு கட்டார்ல. வந்த பொறகு வாங்க" என்றாள்.

மகள் ஓடிப்போய், "உம்மா, இது வாப்பாதான்" என்று அவளைப் பிடித்தாள்.

"சும்மா கதைக்காத புள்ள. எங்கட அவருக்கு ஒரு நரையும் இல்ல. இந்தக் கிழவனயா எனக்கு மாப்பிள எண்டு சொல்ற?"

நான் அவசரமாக அந்தப் பட்டனை மறுபடியும் அமத்தினேன். படம் திரும்பிப் புதிதானது. அவள் திரும்பவில்லை. எட்ட நின்றபடியே மேசைத் துணியை இழுத்து லப்டொப்பை மூடினாள், அந்த நாளில் மூடுவதைப் போல.

எல்லாவற்றையும் எண்ணுகிற நான் இதை எண்ணவில்லை. பதினொரு வருடங்களில் ஐந்து விடுமுறைகள், ஒவ்வொன்றும் இரண்டு மாதங்கள். அந்தப் பழைய படம் அவளுக்குச் சொந்தமாக இருந்த காலத்தில் நான் வீட்டில் இருந்தது பத்தே மாதங்கள். மிச்சமெல்லாம் அவள் காத்திருந்த காலம். அவளை நான் திரும்பக் கொண்டுபோய் விட்டது அந்தக் காத்திருப்பில்தான்.

அடுத்த நாள் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் மறக்கிறவள் இதை மட்டும் மறக்கவில்லை. இப்போது என் கையால் சோறு வாங்குவதில்லை, மகள் வந்து ஊட்டுகிறாள். என்னை வாப்பா என்றும் கூப்பிடுவதில்லை. அவள் அறைக்குப் போவதென்றால் நான் தொண்டையைச் செருமி, கதவுக்கு வெளியே நின்று ஸலாம் சொல்கிறேன். உள்ளே முக்காடு இழுபடும் சத்தம் கேட்கும். ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு, அவர் இன்னும் வரவில்லை என்பாள். ஒரு நாள் மனம் கேட்காமல், "எப்ப வருவாரு?" என்று கேட்டேன். "ஓம், வருவாரு" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

உம்மா உங்களுக்காகத்தானே காத்திருக்கிறா, அதை நினைத்துச் சந்தோசப்படுங்கள் என்கிறாள் மகள். என்னால் முடியவில்லை. அவள் காத்திருப்பது எனக்காகத்தான், நான் நிற்பதும் அவள் வாசலில்தான், ஆனால் இனி எந்த விடுமுறையிலும் நான் அவளிடம் வந்து சேரப்போவதில்லை.